யாருக்கு எது தெரியும்: ஒற்றர் தம்பதியின் கதையைப் பார்த்த ஒரு குழுவைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாஷிங்டன் நகரை ஒட்டிய வட வர்ஜீனியாப் புறநகர் ஒன்றின் பொது நூலகத்தில், ஒரே தொலைக்காட்சித் தொடரை முதல் எபிசோடிலிருந்து கடைசி எபிசோடு வரை பார்த்துப் பேசுவதற்காகக் கூடிய ஒரு குழுவின் அனுபவம் இங்கே பதிவாகிறது. குழுவை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. உறுப்பினர்களின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருப்பதோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

தேர்ந்தெடுத்த தொடர் 'தி அமெரிக்கன்ஸ்'. எஃப்எக்ஸ் அலைவரிசையில் 2013 ஜனவரி 30 அன்று தொடங்கி 2018 மே 30 அன்று நிறைவடைந்த இத்தொடர் ஆறு சீசன்களும் 75 எபிசோடுகளும் கொண்டது. 1981இல் தொடங்கும் கதை, ரீகனும் கோர்பச்சேவும் வாஷிங்டனில் ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 1987 டிசம்பரை ஒட்டி முடிகிறது. பிலிப், எலிசபெத் ஜென்னிங்ஸ் ஆகிய இருவரும் கணவன் மனைவியாக வாழும்படி சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி. சேர்த்துவைத்து அமெரிக்காவுக்கு அனுப்பிய ஒற்றர்கள். வெளியுலகுக்குப் பயண முகமை நடத்துபவர்கள். பெற்றோர் யார் என்பதை அறியாமலே பெய்ஜ், ஹென்றி என்னும் இரண்டு பிள்ளைகள் அந்த வீட்டில் வளர்கிறார்கள். தெருவின் எதிர்ப்பக்கத்தில் குடிவருபவர் ஸ்டான் பீமன், எஃப்.பி.ஐ.யின் எதிர்உளவுப் பிரிவு அதிகாரி. தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க் 1990களில் சி.ஐ.ஏ.யில் பணியாற்றியவர் என்பதால், எழுதியதை அந்த அமைப்பின் பார்வைக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டிய கடப்பாடு அவருக்கு இருந்தது.

கதை நடக்கும் ஃபால்ஸ் சர்ச் எங்கள் பகுதியிலேயே இருக்கிறது. படப்பிடிப்போ பெரும்பாலும் நியூயார்க் வட்டாரத்தில் நடந்தது. இதைக் கண்டுபிடிக்க ஊர்க்காரர்களுக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

குழுவின் இயல்பு

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மென்பொருள் துறையினர், சட்ட அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்தவர், சோவியத் ஒன்றியத்திலிருந்து சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் வெளியேறி வந்த ஒரு பெண்மணி, நடுவண் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற சிலர் ஆகியோர் குழுவில் இருந்தனர். இந்தப் பகுதியில், என்ன வேலை என்று அண்டைவீட்டாரைக் கேட்டால் அரசாங்க வேலை என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடுவது வழக்கம். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை, கேட்காமலிருப்பதே மரியாதை என்று எல்லோரும் பழகியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பதிலைச் சொல்லி ஓய்வுபெற்ற ஒருவரும் அவருடைய மனைவியும் முதல் கூட்டத்திலிருந்தே வந்துகொண்டிருந்தனர்.

நூலக டிவிடியிலோ ஸ்ட்ரீமிங்கிலோ அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வருவது, கூட்டத்தில் பேசுவது மட்டும் என்பதே ஏற்பாடு. ஆகவே, தொடரை முன்பே முழுதாகப் பார்த்தவர்களும் முதன்முறையாகப் பார்ப்பவர்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள்.

முதல் கட்டத்தில் கவனித்தவை

முதல் சீசனின் பாதிவரை பேச்சு இரண்டே தடங்களில் ஓடியது. இப்படியெல்லாம் உண்மையில் நடக்குமா என்பது ஒன்று. இந்த இருவரில் யார் மோசம் என்பது மற்றது. அமெரிக்க வாழ்க்கை பிடித்துப்போன பிலிப்புக்குக் கட்சி சேர எல்லோரும் தயாராக இருந்தனர். எலிசபெத்தை அரக்கி என்று ஒரு தரப்பும், போர்வீரரைப் போர்வீரராகத்தான் பார்க்க வேண்டும் என்று மறு தரப்பும் பேசின. சோவியத் பின்னணி கொண்ட பெண்மணி இரு தரப்பிலும் சேராமல், கொல்பவர்களின் விக்குகளைப் பார்த்துச் சிரிக்க முடிகிற உங்களால் அவர்கள் கொல்வதைப் பார்த்துக் கோபப்பட எப்படி முடிகிறது என்று ஒருமுறை கேட்டார். அதற்கு யாரும் மறுமொழி சொல்லவில்லை.

இந்த விவாதங்களில் சூடு இருந்ததே ஒழிய நகர்வு இல்லை. ஒருமுறை தீர்ப்புச் சொல்லிவிட்டவருக்கு அடுத்த கூட்டத்தில் செய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை, முன்பு சொன்னதையே உரக்கச் சொல்வதைத் தவிர. ஆறு சீசன்களுக்கு அது தாங்காது. முழுவதும் பார்த்து முடித்திருந்த ஒருவர், பொறுங்கள், பெய்ஜ் விஷயம் வரட்டும் என்று அடிக்கடி சொல்லிச் சிரித்தது புதிதாகப் பார்ப்பவர்களை எரிச்சலூட்டியதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் தடத்தை அடைக்க ஒரு பக்கத் தகவல் தாள் போதுமானதாக இருந்தது. தொடருக்குத் தூண்டுகோலாக அமைந்த 2010ஆம் ஆண்டு நிகழ்வை அதில் எழுதினேன். அந்த ஆண்டு ஜூன் 27 அன்று ரஷ்யாவுக்காக மறைந்து வாழ்ந்த பத்துப் பேரை எஃப்.பி.ஐ. கைதுசெய்தது. அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம், தொடரில் பார்ப்பதுபோல் கொலையோ கடத்தலோ அல்ல. பதிவுசெய்யாமல் அந்நிய அரசின் முகவர்களாகச் செயல்படச் சதிசெய்தது என்பதே முதன்மைக் குற்றச்சாட்டு. ஜூலை 8 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் வியன்னா விமான நிலையத்தில், ரஷ்யா விடுவித்த நால்வருக்கு மாற்றாக ஒப்படைக்கப்பட்டார்கள். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் கைதான தம்பதிக்கு, கனடாவில் பிறந்த இரண்டு மகன்கள் இருந்தனர். கைது நடந்த நாள் மூத்தவனின் இருபதாம் பிறந்தநாள். பெற்றோரின் பணி தங்களுக்குத் தெரியாது என்பதே பிள்ளைகள் தொடர்ந்து சொல்லிவந்தது. கனடா குடியுரிமைக்காக இளைய மகன் நடத்திய வழக்கில், கனடாவின் உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பர் 19 அன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இந்தத் தாளைப் படித்தபின் எழுந்த முதல் கேள்வி பெற்றோரைப் பற்றியதல்ல. அந்த மகன்களுக்கு எது, எப்போது தெரிந்தது என்றே பலரும் கேட்டனர். அடுத்த முடிவுக்கு வழிகாட்டியது இந்தக் கேள்விதான்.

ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வெள்ளைப் பலகையில் கட்டங்கள் போட்டோம். மேல்வரிசையில் பிலிப், எலிசபெத், பெய்ஜ், ஹென்றி, ஸ்டான், அவருடைய அலுவலகச் செயலாளர் மார்த்தா, ஸ்டானுக்கு உளவு சொல்லவந்த சோவியத் தூதரக ஊழியர் நீனா. அன்று பேசும் எபிசோடின் முடிவில் இவர்களில் ஒவ்வொருவருக்கும் எது தெரியும், எது தெரியாது, எதைத் தவறாக நம்புகிறார் என்று ஒட்டுத்தாளில் எழுதி அவரவர் கட்டத்தில் ஒட்ட வேண்டும். கட்டம் நிறைந்த பிறகே கருத்துச் சொல்லலாம். யார் நல்லவர் என்ற கேள்விக்குத் தடை போடவில்லை. கடைசிக்குத் தள்ளினோம், அவ்வளவே. ஒற்றர் கதையில் ஒவ்வொரு காட்சியும் தகவலின் ஏற்றத்தாழ்வில்தான் நிற்கிறது என்பதால், ஆளைப் பார்ப்பதற்கு முன் அந்த ஏற்றத்தாழ்வைப் பார்க்கப் பழகினால் பேச்சு காட்சிக்குள்ளேயே நிற்கும் என்பது என் கணக்கு.

முழுத்தொடரையும் முன்பே பார்த்தவர்களை எழுத்தர்களாக்கினோம். பிறர் சொல்வதைப் பலகையில் எழுதுவது அவர்கள் வேலை. வருவதுரைக்க அனுமதி இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. பின்னாளில் ஸ்டானின் மனைவியாக வரும் ரெனேயும் ஒற்றர்தானா என்ற கேள்வி எழுந்தபோது, முழுவதும் பார்த்தவர்களாலும் எதையும் போட்டுடைக்க முடியவில்லை. தொடரே அதற்கு விடை சொல்லாமல் முடிகிறது.

பலகை காட்டியவை: பதிவுத் திருமணம்

முறை மாறியபின் முதலில் அகப்பட்ட செழிப்பான காட்சி, முதல் சீசனின் பன்னிரண்டாம் எபிசோடில் வரும் திருமணம். எஃப்.பி.ஐ. அலுவலகச் செயலாளரான மார்த்தாவை, கிளார்க் என்ற பொய்ப்பெயரில் பிலிப் மணக்கிறார். மணமகனின் தாயாக வந்து நிற்பவர் இவர்களை மேய்க்கும் கே.ஜி.பி. அதிகாரி கிளாடியா, தங்கையாக நிற்பவர் எலிசபெத். மேலோட்டமாகப் பார்த்தபோது மார்த்தாவின் ஏமாளித்தனம் என்று மட்டுமே தோன்றிய இக்காட்சியைக் கட்டங்களில் நிரப்பத் தொடங்கியதும், எதுவும் அறியாத மார்த்தா ஒருத்திதான் அங்கே உச்சரிக்கப்படும் உறுதிமொழியை அதன் முழுப்பொருளில் சொல்கிறாள் என்பதை மென்பொருள்துறைப் பெண் ஒருவர் சுட்டினார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே இன்னொருவர் எலிசபெத்தின் கட்டத்தைக் காட்டினார். சடங்கு முடிந்தபின் எலிசபெத் பிலிப்பிடம், நாமும் இந்தச் சொற்களை ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் நம்மிடையே ஏதாவது மாறியிருக்குமா என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்பார். எல்லாம் தெரிந்த எலிசபெத்துக்கு, பொய்த் திருமணத்தில் நின்ற மணப்பெண்ணுக்குக் கிடைத்த ஒன்று கிடைக்கவில்லை.

ஐந்தாம் சீசனில் ஒரு ரஷ்யப் பாதிரியார் இவ்விருவருக்கும் உண்மைப் பெயர்களில் ரகசியமாகத் திருமணம் செய்துவைக்கும்போது குழு இந்தப் பழைய பலகையை நினைவுகூர்ந்தது. அந்தப் பாதிரியாரின் வழியாகவே கடைசியில் எஃப்.பி.ஐ. இவர்களை நெருங்குகிறது என்பது பின்னால் தெரியவந்தபோது, திரைக்கதையின் கட்டமைப்பைப் பற்றி நான் தனியே எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

பலகை காட்டியவை: கட்டம் இல்லாத முதியவர்

மூன்றாம் சீசனின் ஒன்பதாம் எபிசோடில், இரவு நேரத்தில் ஒரு பட்டறைக்குள் ரகசியமாக நுழையும் எலிசபெத், அங்கே கணக்கு வழக்கு பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டி (Betty) என்ற முதிய பெண்ணை எதிர்கொள்கிறார். உயிரோடு விட முடியாது என்பது இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. பெட்டியை அவருடைய இதய மாத்திரைகளையே அளவுக்கு மீறி விழுங்கவைத்து, சாகும்வரை எதிரில் உட்கார்ந்து எலிசபெத் பேசுகிறார். தன் நாடு, கணவன், பிள்ளைகள் பற்றி மறைக்காமல் பதில் சொல்கிறார். உலகத்தை மேம்படுத்தத்தான் இதைச் செய்கிறேன் என்ற எலிசபெத்தின் விளக்கத்தை, தீமை செய்பவர்கள் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது அதுதான் என்று பெட்டி மறுத்துவிடுகிறார்.

இதை எங்கே ஒட்டுவது என்று எழுத்தர் கேட்டார். பெட்டிக்குக் கட்டம் இல்லை. சோவியத் பின்னணி கொண்ட பெண்மணி எழுந்துபோய், பலகையின் ஓரத்தில் கையால் ஒரு கோடு இழுத்து அந்தப் பெயரை எழுதினார். எழுதியபின் பக்கத்தில் இருந்த பெய்ஜின் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சொந்த மகளுக்கு அன்றுவரை சொல்லாத உண்மையைச் சாகப்போகும் அந்நியருக்கு எலிசபெத் சொல்லியிருப்பது தெரிந்தது. அடுத்த எபிசோடிலேயே பெய்ஜ் பெற்றோரை மடக்கிக் கேட்டு உண்மையைப் பெறுகிறாள். இரண்டு எபிசோடுகளையும் ஒருசேரப் பேசிய அந்தக் கூட்டம், நூலகம் மூடும் நேரத்தைக் கடந்து வாகன நிறுத்துமிடத்திலும் தொடர்ந்தது. எலிசபெத்தை அரக்கி என்று முதலில் சொன்னவர் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. ஆனால் இப்போது ஏன் என்று காட்சியைக் காட்டிச் சொல்ல அவரால் முடிந்தது. என்னைக் கேட்டால் எழுபத்தைந்தில் மிகச் சிறந்த எபிசோடு இதுதான், இறுதி எபிசோடையும் சேர்த்துக் கணக்கில் வைத்தாலும்.

எதிர்பாராத ஒரு தருணமும் அதைக் கையாண்ட விதமும்

அதே சீசனின் முடிவுக்கு முந்தைய எபிசோடில், பிலிப் மார்த்தாவின் எதிரில் அமர்ந்து தன் விக்கை ஊசி ஊசியாகக் கழற்றி எடுக்கிறார். அதைப் பேசிய கூட்டத்தில், மார்த்தாவின் கட்டத்தில் ஒட்ட வேண்டிய தாளைக் கையில் வைத்திருந்தவர், முன்னர் குறிப்பிட்ட அரசுப் பணியாளரின் மனைவி. அவர் அதை ஒட்டாமல், எனக்கும் முப்பது வருடமாக ஒரு கட்டம் காலியாகத்தான் இருக்கிறது, இவளுக்காவது அவன் கழற்றிக் காட்டினான் என்றார். கணவர் பக்கத்திலேயே இருந்தார். அவருடைய பணி எத்தகையது என்பது குழுவில் யாருக்கும் தெரியாது, இன்றுவரை தெரியாது.

இரண்டு வழிகள் இருந்தன. தொடருக்கும் வாழ்க்கைக்கும் உள்ள உறவைப் பேச இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது என்று தொடரவிடலாம். அல்லது அங்கேயே நிறுத்தலாம். நான் இடைவேளை அறிவித்தேன். ஒருவர் தன் திருமணத்தைப் பற்றித் தவறிச் சொன்னதை, அதைக் கேட்கவென்று வந்திராத பத்துப் பன்னிரண்டு பேர் அலசுவதற்கு நூலகக் கூட்ட அறை ஏற்ற இடமல்ல. தவிர, பதில் சொல்லும் உரிமைகூட அந்தக் கணவருக்கு ஒருவேளை இல்லாதிருக்கலாம். பணி ரகசியத்தைக் காக்கச் சட்டப்படி கடமைப்பட்ட ஒருவரை, மனைவியின் எதிரில், பொதுவிடத்தில் விளக்கம் கேட்பது நியாயமாகாது. இடைவேளைக்குப் பின் நீனாவின் கட்டத்துக்குப் போனோம். கூட்ட முடிவில் இருவரிடமும் தனித்தனியே பேசி, அன்றைய குறிப்புகளில் அந்தப் பகுதி இடம்பெறாது என்று உறுதி சொன்னேன்.

அதன்பின் இருவரும் வரவில்லை. நான்காம் சீசனில், மார்த்தாவைச் சிறு விமானத்தில் ஏற்றி ரகசியமாக அமெரிக்காவை விட்டு அனுப்பும் பகுதிக்கு மனைவி மட்டும் வந்தார். கணவர் அந்த சீசன் முடிவில் வந்து சேர்ந்தார். அவர் அதிகம் பேசுபவரல்லர். தொலைக்காட்சி ஒற்றர்கள் கோப்புகள் எழுதுவதே இல்லை என்பதுதான் அவர் அடிக்கடி சொன்ன ஒரே குறை. இங்கே இதை எழுத இருவரும் பின்னர் இசைந்தனர்.

தொய்வு

ஐந்தாம் சீசனில் வருகை வெகுவாகக் குறைந்தது. கோதுமை விவகாரத்துக்காகக் கேன்சஸுக்கு மாறிமாறிப் போய்வரும் அந்த எபிசோடுகளில் யாருக்கும் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை. பலகையில் ஒட்ட ஒன்றும் இல்லாத நாட்கள் வந்தன. முறையின் வரம்பும் அப்போதுதான் வெளிப்பட்டது. மாஸ்கோவில் கே.ஜி.பி. அதிகாரி ஓலெக் உணவு விநியோக ஊழலை விசாரிக்கும் காட்சிகளில், தன் தாயார் வலைப்பையைக் கோட்டுப்பையில் எப்போதும் மடித்து வைத்திருந்ததையும், வரிசையைக் கண்டால் என்ன விற்கிறார்கள் என்று கேட்காமலே போய் நின்றுகொண்டதையும் சோவியத் பின்னணி கொண்ட பெண்மணி விவரித்தார். எலிசபெத் எதை நம்பி இத்தனையும் செய்கிறார் என்பதை விளக்க அவ்வளவு பொருத்தமாக வேறொன்றும் அமைந்ததில்லை. ஆனால் நம்பிக்கைக்கு எங்கள் பலகையில் இடமே இல்லை.

இறுதி எபிசோடு

ஸ்டானின் கட்டத்தில் முதல் நாளே ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. முதல் எபிசோடின் முடிவில் அவர் ஜென்னிங்ஸ் வீட்டுக் கராஜுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து காரின் டிக்கியைத் திறந்து பார்க்கிறார். இருட்டில் பிலிப் துப்பாக்கியோடு நிற்கிறார். சந்தேகம் உண்டு, சான்று இல்லை என்பது அந்தத் தாள். கடைசி எபிசோடில், பெய்ஜின் குடியிருப்புக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் துப்பாக்கி ஸ்டானின் கைக்கு மாறியிருக்கிறது. நீண்டு செல்லும் அக்காட்சியின் முடிவில், எல்லாம் தெரிந்தும் அவர் விலகி வழிவிடுகிறார். நட்பா, ஹென்றியின் பொறுப்பா, களைப்பா என்று கருத்துகள் பிரிந்தன. முதல் சீசனில் உறைந்துபோனது போன்ற பிரிவு அல்ல இது. ஒவ்வொருவரும் வசனத்தின் எந்த இடத்தில் ஸ்டான் தளர்கிறார் என்று சுட்டிக்காட்டிப் பேசினார்கள். ரெனேயைப் பற்றிய சந்தேகத்தைப் பிலிப் அங்கே சொல்வது நட்பா தாக்குதலா என்பதற்கு மட்டுமே அரை மணி நேரம் போனது.

ஹென்றியின் கட்டம் தொடக்கம் முதல் வெறுமையாகவே இருந்துவந்தது. தொடர் அவனை மறந்துவிட்டது என்று நடுவில் பலர் குறைபட்டதுண்டு. விடுதிப் பள்ளிக்குப் போன ஹென்றியை விட்டுவிட்டுப் பெற்றோர் கிளம்புவதும், கனடா எல்லைக்கு முன் பெய்ஜ் ரயிலிலிருந்து இறங்கிவிடுவதும், உண்மையைச் சொல்ல ஸ்டான் ஹென்றியைத் தேடிப் போவதும் வந்தபோது, அந்த வெறுமை எழுத்தாளர்களின் கவனக்குறைவு அல்ல, வேண்டுமென்றே காத்துவந்த ஒன்று என்று பெரும்பாலோர் ஏற்றனர். சட்ட அலுவலகத்தில் பணிபுரிந்தவர் மட்டும் உடன்படவில்லை. கட்டம் போட்டு வைத்ததால்தான் வெறுமை நமக்குப் பொருளாகத் தெரிகிறது, போடாதிருந்தால் குறையாகவே தெரிந்திருக்கும் என்றார். அவர் சொன்னதை மறுக்க எனக்கு இன்னும் வாதம் கிடைக்கவில்லை.

விளைவு

தொடங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கடைசிவரை நின்றனர். விலகியோரில் பலர் ஐந்தாம் சீசனில் விலகினர். தீர்ப்புச் சண்டைகள் அறவே நின்றுவிடவில்லை, ஆனால் ஒரு கூட்டத்தின் சண்டை அடுத்த கூட்டத்துக்குத் தொடர்வது நின்றது. வரப்போகும் கதையை முன்பே உடைக்கும் சிக்கல் எழுத்தர் ஏற்பாட்டால் தீர்ந்தது. பேசத் தயங்கிய நால்வர், தாளில் எழுதி ஒட்டுவதன் வழியாகப் பேச்சுக்குள் வந்தனர். அவர்களில் ஒருவர்தான் திருமணக் காட்சியில் மார்த்தாவின் உறுதிமொழியைச் சுட்டியவர்.

மாற்ற வேண்டியவை

அடுத்த சுற்றில் பலகையின் ஒரு பக்கம் முதல் நாளிலிருந்தே கதையின் பக்கவாட்டில் வந்து உயிரிழப்பவர்களுக்காக ஒதுக்கப்படும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அந்த ஆள் எதை நம்புகிறார் என்பதற்கு இன்னொரு வரிசை இருக்கும். ஐந்தாம் சீசனை முழுமையாகப் பேசாமல், ரகசியத் திருமணம் வரும் எபிசோடும் ஓலெக்கின் மாஸ்கோப் பகுதிகளும் அடங்கிய இரண்டு கூட்டங்களாகச் சுருக்குகிறோம். தனிவாழ்க்கை குறித்த பேச்சு எழுந்தால் எவரும் காரணம் சொல்லாமல் இடைவேளை கேட்கலாம் என்ற விதியைத் தொடக்கக் கூட்டத்திலேயே அறிவிக்க வேண்டும். அதை ஒருங்கிணைப்பவரின் கண்ணோட்டத்துக்கு மட்டும் விட்டுவைப்பது சரியல்ல. 2010 நிகழ்வு பற்றிய தகவல் தாள் முதல் எபிசோடுக்கு முன்பே வழங்கப்படும்.

புதிய சுற்றுக்கு எழுத்தராக இருக்க, ஓய்வுபெற்ற அந்த அரசுப் பணியாளர் பெயர் கொடுத்திருக்கிறார். அவர் மனைவி உறுப்பினராகத் தொடர்கிறார்.